ஃபாஸ்டினாவின் கொண்டை

ராணியின் கொண்டையில் ஓட்டை விழுந்திருந்தது.

ஏதோ தேய்ந்து விழுந்த ஓட்டை இல்லை. பிசிறு தட்டாமல், அளவெடுத்துப் போட்ட ஓட்டை. அதற்குள் ஒரு சிவப்பு நூல் நுழைந்திருந்தது. நூலின் முனையில் 'சாம்பிள், விற்பனைக்கு அல்ல' என்று ஓர் அட்டை தொங்கியது. இன்பராஜ் அந்த வெள்ளிக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக, எதிரே நின்றிருந்த சத்தாரின் ஒரு கண் தெரிந்தது. கண்ணில் சந்தோஷம் பொங்கியது.

"ஓட்ட போடற கை மெஷின்ல ஏறவே இல்ல மாஸ்டர். மூணு வாட்டி அடிச்சுப் பாத்தேன். அப்பறம் மெயின்டனன்ஸ்ல போயி ட்ரில் வாங்கியாந்து போட்டேன். உட்டுடுவேனா?"

இன்பராஜ் பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆம்பூரில் கைப்பை தைக்கும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவர் சாம்பிள் மாஸ்டர். வெளிநாட்டு பையர் ஒரு மாதிரியை அனுப்பினால் அதை அப்படியே தைத்துக் காட்டுவது அவர் வேலை. சத்தார் சாம்பிள் ஸ்டோர்காரர். ஐம்பத்தைந்து வயது. சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். அதுதான் அவரிடம் உள்ள பெரிய குணம், பெரிய தொல்லையும் அதுதான்.

"சத்தார் பாய், காசுல போயி எவனாவது ஓட்ட போடுவானா?"

சத்தார் சுவரைக் காட்டினார். அங்கே கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'எந்தச் சாம்பிள் வந்தாலும் முதல் வேலையாக ஓட்டை போட்டு அட்டை கட்டவும். பேக்கிங்கில் ஓட்டை போடக் கூடாது. யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.' கீழே இன்பராஜ் கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையரின் சாம்பிள் பை, உற்பத்திப் பைகளோடு கலந்து, பெட்டியில் ஏறி, கப்பலிலும் ஏறிப் போய்விட்டது. அந்தக் கோபத்தில் எழுதிய தாள் அது. கடைசி வரியை எழுதும்போது அவருக்கே தன்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

"ஒரு சின்னத் தோல் பையில போட்டு வந்துச்சு மாஸ்டர். பை பேக்கிங். அதுல போடல பாருங்க," என்றார் சத்தார், பாராட்டை எதிர்பார்த்து.

பையரான இத்தாலி அம்மாவின் மெயில் வந்து ஒரு வாரம் ஆகிறது. 'சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். அளவு, கனம், வேலைப்பாடு எல்லாம் அச்சு அசலாக இதேபோல் பன்னிரண்டாயிரம் வேண்டும். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்' என்று இருந்தது. போன சீசனில் அதே அம்மாவுக்குச் சிங்கமுகம் வைத்த பக்கிளோடு கைப்பை தைத்துக் கொடுத்திருந்தார்கள். அதனால் முதலாளி முனீர் அகமது பார்சலைப் பிரித்ததுமே முடிவு கட்டிவிட்டார். "போன வாட்டி சிங்கம், இந்த வாட்டி ராணி. பக்கிளுக்குத்தான் காசு. பையோட டிசைனை அந்தம்மா கையோட எடுத்துக்கினு வருவாங்க."

இந்த ஆர்டர் வந்தால் இரண்டாவது லைன் ஓடும். வராவிட்டால் மூன்று மாதத்துக்கு அந்த லைனை மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த லைனில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் நூற்று நாற்பது பெண்கள். மூன்றாவது வரிசையில் ஏழாவது மெஷின், இன்பராஜின் மனைவி பிரிசில்லாவுடையது.

மெயில் பார்க்கும் அம்பரீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் போன்.

"மாஸ்டர், அந்தக் காசு யாருன்னு நெட்ல கண்டுபுடிச்சுட்டேன். பேரு ஃபாஸ்டினா. ரோமாபுரி ராஜாவோட சம்சாரம். அவங்க அப்பாவும் ராஜா. அந்தக் காலத்துல ராணிங்க மொகத்தையும் வெள்ளிக் காசுல போடுவாங்களாம். பின்னாடி நிக்கறது ஜூனோன்னு சாமி, பக்கத்துல மயில். ஆயிரத்தெட்டுநூறு வருஷத்துக் காசு மாஸ்டர்! இன்னா அழகான கொண்டை பாத்தீங்களா?"

இன்பராஜ் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"அப்பாவும் ராஜா, வூட்டுக்காரரும் ராஜாவா!" என்று சத்தார் வியந்தார். "அதான் மொகத்துல அவ்ளோ நிம்மதி."

ஆயிரத்தெட்டுநூறு வருஷம் நிம்மதியாக இருந்தவளை ஆம்பூருக்கு வந்த அரைமணி நேரத்தில் துளைத்தாகிவிட்டது. இன்பராஜுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அன்று மத்தியானமே பல்வலி என்று சொல்லிவிட்டு ஆற்காட்டுக்கு பஸ் ஏறினார். காசை ஆம்பூர் கடைத்தெருவில் சரிசெய்யக் கொடுத்தால் சாயங்கால டீக்குள் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விடும். ஆற்காட்டில் வேலாயுதம் பத்தர் இருந்தார். கோயில்களுக்கு வெள்ளிக் கண்மலர், வேல், அம்மன் முகம் எல்லாம் செய்கிறவர். காதில் பழைய பேனாவைச் செருகியிருந்தார். கண்ணில் அதைவிடப் பழைய கண்ணாடி.

"ஓட்டைய அடைக்கணும் பத்தரே. அடைச்சது தெரியக் கூடாது."

பத்தர் காசை ஓரத்தில் சுரண்டிப் பார்த்தார். "நல்ல வெள்ளிதான். நேத்து உருக்குனா மாதிரி இருக்குதே."

"ஆயிரத்தெட்டுநூறு வருஷம் பத்தரே!"

"அப்ப நல்லா வெச்சுக்கினு இருந்திருக்காங்க." அவர் காசைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. "அட, மயிலு! வுட்டுட்டுப் போங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. என் வூட்டு வேலை மாதிரி செஞ்சு வெக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இன்பராஜ் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் நிம்மதி கண்ணை மறைத்துவிட்டது. மனைவிக்குக் கால் கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

பிரிசில்லா பொட்டலத்தைப் பிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். "இன்னா தப்பு பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ஆசையா வாங்கியாந்தேன்."

"கல்யாணம் ஆகி பத்தொம்பது வருஷத்துல ரெண்டு வாட்டிதான் பேடா வாங்கியாந்தீங்க. ரெண்டு வாட்டியும் இன்னா ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்குது."

மறுநாள் பதினோரு மணிக்குப் பத்தர் காசை ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினார். பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்த பளபளப்பில் அது கண்ணைப் பறித்தது. ஓட்டை போன இடம் தெரியவில்லை. அங்கே இப்போது இரண்டு சுற்று மல்லிகைச் சரம் இருந்தது.

"இது இன்னா பத்தரே?"

"கொண்டை வெறுமையா இருந்துச்சு. சுமங்கலிதான?"

இன்பராஜ் மெதுவாகக் கீழே பார்வையை இறக்கினார். ராணியின் கண் அகலமாக, வரைந்துவிட்ட மாதிரி அவரையே முறைத்துப் பார்த்தது.

"கண்ணு தேஞ்சு கெடந்துச்சு. நல்ல நேரம் பாத்துத் தெறந்து வுட்டேன். இப்ப பாருங்க, உயிர் இருக்குதா இல்லையா?"

இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அவர் காசைத் திருப்பினார். ஜூனோ சாமி கையில் பிடித்திருந்த கோல், நுனி கூராகி, அருமையான வேலாகிவிட்டிருந்தது.

"மயில் நிக்கிது, கையில கம்பு மட்டும் இருந்தா எப்படி? வேல் மொனை மழுங்கிப்போச்சுன்னு புரிஞ்சுக்கினேன்," என்றார் வேலாயுதம். "காசு வேணாங்க. முருகன் வேலைக்கு நான் கூலி வாங்கறதில்ல."

இன்பராஜ் பஸ்ஸில் வரும்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லிப் பழகிய ஜெபங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். உள்ளங்கையில் காசு மின்னியது. முதலில் இந்தப் பளபளப்பு போக வேண்டும். பூவும் வேலும் அழுக்கில் மறைந்தால் ஓரளவு தப்பிக்கலாம் என்று தோன்றியது.

வாணியம்பாடி ரோட்டில் ஒரு டேனரியில் அவருடைய தோஸ்த் ஹம்மாத் சூப்பர்வைசர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் போட்டு முடி நீக்கும் பகுதி அவன் கையில். காசைப் பார்த்துவிட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்தபிறகுதான் பேச வந்தது.

"வெள்ளிய கறுப்பாக்கணும், அவ்ளோதான? சல்ஃபைடுல ரெண்டே நிமிஷம் காட்டுனா போதும். ரெண்டாயிரம் வருஷம் ஏறிடும். எங்க வாட்ச்மேன் மோதிரம் அப்படித்தான் கறுத்துப்போச்சு."

"தொட்டில வுழுந்துச்சுன்னா?"

"அது வந்த பை இருக்குது இல்ல? அதுக்குள்ள போட்டு, கயித்தக் கட்டி, டீத்தூள் பை மாதிரி முக்கி எடுப்போம்."

இன்பராஜ் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னத் தோல் பையை எடுத்தார். மரப்பட்டையில் பதப்படுத்திய கெட்டித் தோல். வாயில் சுருக்குக் கயிறு. என்ன இருந்தாலும் தோல்காரர், ஒரு நிமிஷம் தயங்கினார். "பை கெட்டுடுமே ஹம்மாத்."

"பேக்கிங்தானப்பா! காசு முக்கியமா, பேக்கிங் முக்கியமா?"

பை தொட்டிக்குள் இறங்கியது. அந்தச் சமயம் பார்த்து வாசலில் தோல் லாரி வந்து ஹாரன் அடித்தது. மூட்டை எண்ணிக்கையில் தகராறு. ஹம்மாத் ஓடினான். கயிறு எந்த ஆணியில் கட்டியிருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். வரிசையாக முப்பது ஆணி, முப்பது கயிறு. இன்பராஜ் கைக்கு எட்டியதை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில் வகைவகையாக ஆட்டுத்தோல் துண்டுகள் வந்தன. ராணி வரவில்லை. ரெண்டு நிமிஷம் என்று சொன்னது முக்கால் மணி நேரமானது.

கடைசியில் ஹம்மாத் திரும்பி வந்து வெளியே எடுத்தபோது பை ஊறி உப்பி, கொழகொழவென்று, பிடித்தால் விரலோடு வந்தது. உள்ளே காசு தார் பூசியமாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. ராணி எங்கே, மயில் எங்கே என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு," என்று ஹம்மாத் ஒப்புக்கொண்டான். பையைத் தூக்கிக் கழிவுத்தொட்டியில் போட்டான்.

வியாழக்கிழமை காலை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்பராஜ், காயின் பத்திரமா இருக்குது இல்ல?"

"இருக்குது மொதலாளி."

"அந்தம்மாகிட்ட போன்ல சொன்னேன். எங்க மாஸ்டர் அத கொழந்த மாதிரி பாத்துக்குறாருன்னு. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க." முனீர் அகமது எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "ஒன்ன நம்பித்தான் ரெண்டாவது லைன் இருக்குது."

சாப்பாட்டு மணி அடித்ததும் இன்பராஜ் வேப்பமரத்தடியில் பிரிசில்லாவைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இனிமேல் ஒளிக்கத் தெம்பில்லை. அவள் டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் காசைக் கையில் வாங்கினாள்.

"இன்னாங்க இது, அடுப்புல போட்டீங்களா?"

"சல்ஃபைடுல."

"ஆம்பளைங்க புத்தி! பாத்திரம் கறுத்தா இன்னா பண்ணுவோம்? தேய்ப்போம்." முந்தானையில் முடிந்து வைத்திருந்த பல்பொடியை எடுத்துக் குழாயடிக்குப் போனாள். தினமும் வெற்றிலைக்கறையோடு போராடும் அவளுடைய பல்பொடி அது, செங்கல் நிறத்தில், மணல்மணலாக இருக்கும். தையல்காரியின் கட்டைவிரலுக்கு எவ்வளவு பலம் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் தேய்த்தாள். கறுப்பு விட்டுக்கொடுத்தது. கூடவே வேறொன்றும் போய்விட்டது.

"ஏங்க," என்றாள் தயக்கமாக. "இந்த அம்மனுக்கு மொதல்லயே மூக்கு இருந்துச்சா?"

இருந்தது. நேராக, எடுப்பாக, ரோமாபுரி முழுக்கப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கக்கூடிய மூக்கு. இப்போது அந்த இடம் சமதளமாக இருந்தது. மல்லிகைப் பூவும் திறந்த கண்ணும் மட்டும் அப்படியே இருந்தன.

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. "வுடுங்க. இதுக்கு மேல எதுவும் பண்ணாதீங்க. நாளைக்கு அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. லைன மூடுனா மூடட்டும். இருபத்திரண்டு வருஷம் நேர்மையா இருந்துட்டு ஒரு காசுக்காக பொய் சொல்ல வேணாம்."

அந்த வார்த்தையில் இன்பராஜுக்கு ஒரு தைரியம் வந்தது. ஆனால் தைரியம் வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிவரைதான் தாக்குப் பிடித்தது. பத்து மணிக்கு இத்தாலி அம்மா வருகிறார். மேஜைமேல் காசு மூக்கில்லாமல் கிடந்து விழித்துக்கொண்டிருந்தது. அதை வெறும் கையில் எடுத்துக்கொண்டு போய் நீட்டுவதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. ஒரு உறையாவது வேண்டாமா?

பழைய பை கழிவுத்தொட்டியில். கட்டிங் மேஜை ஓரத்தில் பட்டைத்தோல் துண்டு ஒன்று கிடந்தது. கைக்கு வேலை கொடுத்தால் பயம் கொஞ்சம் அடங்கும் என்று அதை எடுத்து வட்டமாக வெட்டினார். ஓரத்தைச் சீவினார், மடித்தார், மெழுகு நூலில் கையாலேயே தைத்தார். வாயில் சுருக்குக் கயிறு கோத்தார். மனசு முழுக்க மன்னிப்பு வாசகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. இருபது நிமிஷத்தில் பை முடிந்தது. மன்னிப்பு வாசகம் 'மேடம், அது வந்து' என்பதற்கு மேல் நகரவில்லை. ராணியைப் பைக்குள் போட்டுக் கயிற்றை இறுக்கினார்.

பத்து மணிக்கு மீட்டிங் அறையில் எல்லாரும் இருந்தார்கள். இத்தாலி அம்மா வெள்ளை முடியை ஃபாஸ்டினா மாதிரியே கொண்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் இன்பராஜ் கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முதலாளி மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பேச்சைத் தமிழில் சொல்ல அம்பரீன் இருந்தாள். தப்பில் தனக்கும் பங்கு உண்டு என்று சத்தாரும் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றிருந்தார்.

இத்தாலி அம்மா கையை நீட்டினார். இன்பராஜ் பையைக் கொடுத்தார்.

அந்த அம்மாள் கயிற்றைத் தளர்த்திப் பையைக் கவிழ்த்தார். காசு மேஜைமேல் விழுந்து உருண்டு, முதலாளியின் டீ கப்பில் இடித்து, முகத்தைக் காட்டிக்கொண்டு படுத்தது. முதலாளி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யா அல்லா! இது இன்னா இன்பராஜ்? பூ வெச்சிருக்குது?"

இதற்கு மேல் தாங்க முடியவில்லை. இன்பராஜ் கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மொதலாளி, தப்பு பூரா என்னுதுதான். ஓட்ட போடச் சொல்லி எழுதி ஒட்டுனவன் நான். கொண்டையில ஓட்ட, அத அடைக்கப் போனா பூவு, கண்ணு, வேலு. கறுக்க வெக்கப்போயி தாரு. தேய்க்கப்போயி மூக்கு. ஆயிரத்தெட்டுநூறு வருஷம் ஒருத்தரும் கை வெக்காத பொம்பளைய மூணு நாள்ல நான் நாசம் பண்ணிட்டேன். என்ன வேலைய வுட்டு அனுப்புங்க. அந்த நூத்தி நாப்பது பேரு ஒரு பாவமும் அறியாதவங்க. லைன மட்டும் மூடிடாதீங்க."

"ட்ரில் போட்டது நானு," என்றார் சத்தார் கதவோரமிருந்து. "என் பேரையும் எழுதிக்கோங்க."

இத்தாலி அம்மா இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. காலிப் பையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். தையலை நகத்தால் நெருடி, இஞ்ச் டேப்பை வைத்து ஏதோ எண்ணினார். கயிற்றை இரண்டு முறை இழுத்து மூடித் திறந்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அம்பரீனிடம் கடகடவென்று ஏதோ சொல்லிவிட்டு, இன்பராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அம்பரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா சொல்றாங்க?" என்றார் முதலாளி, பாதி எழுந்தபடி. "போலீஸா?"

அம்பரீன் காசை எடுத்து இன்பராஜின் சட்டைப் பையில் போட்டாள்.

"இத நீங்களே வெச்சுக்கச் சொல்றாங்க மாஸ்டர், மியூசியம் கடையில விக்கறதுக்குன்னு இதே மாதிரி புதுசா அடிச்ச காசு அவங்ககிட்ட பன்னெண்டாயிரம் இருக்குதாம், நம்மகிட்ட சாம்பிள்னு அனுப்பினது அத போட்டுக் குடுக்குற பையத்தானாம், நீங்க தெச்ச பை ஓகே ஆயிடுச்சு!"